பித்தளை, கிலோ நானூற்று அறுபது

பருப்பொருள் என்றால்
நிறை உடையது, இடத்தை அடைத்துக்கொள்வது.
முதல் செமஸ்டர், முதல் பக்கம், முதல் வரி.
ஹெப்சிபா மேடம் இரண்டு முறை சொன்னார்:
ஆங்கிலத்தில் ஒரு முறை,
கடைசி இரண்டு பெஞ்சுக்காக ஒரு முறை.

அன்று காலை கண்டக்டரும் அதையேதான் சொன்னார்:
"மூட்டையோட நின்னு எடத்த அடைக்காதம்மா."
மூட்டையில் செம்புக் கம்பி, பதினோரு கிலோ.
மூலக்கடையில் ஏற்றி, பாரிமுனையில் இறக்கி,
எடை போட்டுக் காசை எண்ணிக்கொண்டு
வகுப்புக்கு நடந்தேன்.
பெண் என்பதால் எனக்கு டிக்கெட் இலவசம்.
செம்புக்குத்தான் காசு.

கரும்பலகையில் கோடுகள் கிளைத்தன.
தூயவை ஒரு பக்கம், கலவைகள் ஒரு பக்கம்.
தூயவைக்குக் கீழே தனிமம், சேர்மம்.
கலவைக்குக் கீழே
ஒருபடித்தானவை, பலபடித்தானவை.
அந்தப் படத்தை எனக்குத் தெரியும்.
எங்கள் காயலான் கடையில் அது
சாக்கு சாக்காக நிற்கிறது.
இரும்பு, தகரம், ஈயம்,
வெள்ளை பிளாஸ்டிக், கறுப்பு பிளாஸ்டிக்,
பால் கவர் தனி; அதிலும்
கழுவியது ஒரு விலை, கழுவாதது ஒரு விலை.
காந்தத்தை நீட்டினால் இரும்பு தாவி வரும்.
தட்டினால் பித்தளை பேசும், முலாம் பூசியது இருமும்.
டில்லிபாபு ஒயர் கொளுத்தும்போது
தீயில் பச்சையாக ஒரு நாக்கு நீளும்.
அது செம்பு என்று
அடுத்த செமஸ்டர் செய்முறையில் எனக்குக் கற்றுத்தருவார்கள்.
அவன் இருமி இருமி எப்போதோ பாஸ் ஆகிவிட்டான்.

"பித்தளை?" என்றார் மேடம், என்னைப் பார்த்து.
"கிலோ நானூத்தி அறுவது."

வகுப்பு சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.
ஒருபடித்தான கலவை, என்றார் பிறகு.
எந்த மூலையில் கிள்ளினாலும்
செம்பும் துத்தநாகமும் அதே விகிதம்.
அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன்,
பித்தளை தூய பொருள் இல்லையாம்.
தராசிலிருந்து கண் எடுக்காமல் கேட்டார்,
"அதுக்காக வெல கொறையுமா?"

அசைன்மென்ட்: வீட்டிலிருந்து ஐந்து பொருள்கள், வகைப்படுத்துக.
அலுமினியத் தட்டு, பித்தளைக் குழாய், சோடா உப்பு,
பெயின்ட் டப்பாவின் அடியில்
ஒட்டாமல் இரண்டு அடுக்காய் நின்ற
தண்ணீரும் மண்ணெண்ணெயும்.
ஐந்தாவதை எழுதத் தெரியாமல்
பையில் போட்டுக் கொண்டுபோனேன்.

கொடுங்கையூர் மேட்டில் தீப்பிடித்த வாரம்,
புகை அடங்கிய பின் டில்லிபாபு பொறுக்கி வந்த கட்டி.
தேங்காய் அளவு.
உருகிய குடத்துக்குள் வளையல் கண்ணாடி,
ஒரு சாவி, பேட்டரிக் கரி,
இரண்டு ரூபாயின் விளிம்பு.
கால்குலேட்டர் பொத்தான் ஒன்று, எண் ஏழு,
எப்படியோ தப்பித்திருந்தது.
காந்தம் ஒரு பக்கம் ஒட்டியது, மறு பக்கம் விழுந்தது.
அப்பா விலை வைக்கவில்லை. எந்தச் சாக்கும்
அதற்கு வாய் திறக்கவில்லை.

மேடம் ஒரு கையில் வாங்கி
உடனே இன்னொரு கையையும் கொடுத்தார்.
பலபடித்தான கலவை என்று எழுதச் சொன்னார்.
அடுத்த கட்டம், 'பிரித்தெடுக்கும் முறை'.
வடிகட்டிப் பார்த்தேன், வாலைவடித்துப் பார்த்தேன்,
மனசுக்குள்தான்.
பதங்கமாதல்கூட யோசித்தேன்.
காலியாக விட்டேன்.
பத்துக்கு ஒன்பது. அந்த ஒன்றை
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்து சீட் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.
நாற்றம் என்று நினைத்திருப்பார்.
நாற்றம்தான்.

"இன்னா சொன்னாங்கோ, வெல கீதா?" என்றான் டில்லிபாபு.
"பேரு இருக்கு. வெல இல்ல."

பழக்க தோஷத்தில் தராசில் வைத்தான்.
ஒன்று முந்நூறு.
பிறகு எடுத்து, ஃபேனுக்கு நேர் கீழே
படபடத்துக்கொண்டிருந்த பில் புத்தகத்தின் மேல்
வைத்துவிட்டு,
அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போனான்.